பால் பத்தவில்லை என்று சொன்ன தாய்: மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழும் 24 வயதுத் தாய் ஒருவருக்குக் கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்ற முதல் ஆண்டிலும் நடந்ததை இந்தப் பதிவு சொல்கிறது. ஆதார வைத்தியசாலை ஒன்றின் மனநலப் பிரிவில் உளசமூகப் பணியாளராக வேலை செய்தபோது அவரைச் சந்தித்தேன். எழுதியதை முழுதும் அவருக்கு வாசித்துக் காட்டி, அவருடைய சம்மதத்தோடு வெளியிடுகிறேன். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோட்டங்களில் பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது குறைவு. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, பால் பத்தவில்லை என்ற முறைப்பாடாகத்தான் அது டிஸ்பென்சரி வாசலுக்கும் கிளினிக்குக்கும் வந்து சேர்கிறது. அந்த முறைப்பாட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் தாய் கண்ணில் படாமலே போய்விடுவாள். இந்த நிகழ்வில் அது நடக்க இருந்தது. ஒரு மருத்துவிச்சி குழந்தையின் எடை அட்டையைக் கவனமாகப் பார்த்ததால் நடக்கவில்லை.

பின்னணி

அவர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். பாடசாலையில் படிக்கும் காலத்திலேயே தாய் வீட்டு வேலைக்காக வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டார், இன்னும் அங்கேதான். அம்மம்மாவிடம் வளர்ந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதி, 20 வயதில் திருமணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து கொழுந்தெடுக்கப் பெயர் பதிந்தார். கணவர் கொழும்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை, சம்பளத்தோடு இரண்டு நாள் வந்து போவார்.

வீடு, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் புகை படிந்த சமையல் இடம். அதற்குள் மாமியார், மாமனார், பாடசாலைக்குப் போகும் கணவரின் தங்கை, இவர். மாமனார் வேலையிலிருந்து நின்ற பிறகு லயத்துக்குக் கீழே சிறு துண்டில் லீக்ஸும் கரட்டும் போடுகிறார். அந்த வீட்டில் ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் இடம் கிடையாது. பின்னால் வரும் பல முடிவுகளை இந்த ஒரு விஷயம்தான் தீர்மானித்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய முதல் கர்ப்பம் ஆறாம் மாதத்தில் கலைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் சிங்களத்தில் நடந்தன. கடைகண்ணிக்குப் போதுமான சிங்களம் அவருக்குத் தெரியும், தன் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்கும் அளவுக்குத் தெரியாது. பிள்ளையை அவருக்குக் காட்டவில்லை. மாமனாரும் உறவுக்காரர் ஒருவரும் வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளை நோகடிக்கக் கூடாது என்ற எண்ணம்தான், வேறொன்றுமில்லை.

கர்ப்ப காலம்

இரண்டாவது கர்ப்பத்தின் அட்டையைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.8, அதாவது இரத்தச்சோகை. எடை ஏறுவது மெதுவாக இருந்தது. திரிபோஷா சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்ததாகப் பதிவு இருந்தது. முந்தைய இழப்பு ஓர் எண்ணாகப் பதிவாகியிருந்தது. மனநிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த மாதங்களில் நடந்ததைத் தாயும் மாமியாரும் பின்னால்தான் சொன்னார்கள். ஆறாம் மாதம் நெருங்கியதும் அவர் தூக்கத்தை விட்டிருக்கிறார். வயிற்றில் கை வைத்துக் குழந்தை அசைகிறதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மலையில் கொழுந்தெடுக்கும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார். டிஸ்பென்சரிக்குப் பலமுறை போய், வாயுவுக்கும் தலைவலிக்கும் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையைக்கூட அவர் அடுக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு துணி எடுத்து வைக்கவில்லை. பிறக்கும் முன் பிள்ளைக்குச் சாமான் வாங்கக் கூடாது என்பது வழக்கம் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் பழைய சேலையாவது கிழித்துத் துவைத்து மடித்து வைப்பார்கள். இவர் அதையும் தொடவில்லை. இந்தப் பிள்ளையும் தங்காது என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று நாம் சொல்வது பல பெண்களுக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. வளர்ந்துவரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதத்தினருக்கும், பிள்ளை பெற்றவர்களில் 19.8 சதவீதத்தினருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. முன்பு ஒரு பிள்ளையை இழந்தவர், தன் தாய் அருகில் இல்லாதவர், கணவர் தூரத்தில் இருப்பவர், இரத்தச்சோகை உள்ளவர் என்று பார்த்தால், எட்டாம் மாதத்திலேயே இவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பிரசவமும் முதல் ஆறு வாரங்களும்

சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.6 கிலோ. மூன்றாம் நாளிலிருந்து அவர் காரணமில்லாமல் அழுதார். பிள்ளை பெற்ற பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் பத்து நாட்களுக்குள் இப்படி வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். மாமியார் “பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அந்த நேரத்துக்கு அது சரியான கவனிப்புத்தான்.

அழுகை இரண்டு வாரத்தில் நின்றது. நிலைமை சீராகவில்லை. அவர் பேசுவது குறைந்தது. 31ஆம் நாள் தீட்டுக் கழித்து, பிள்ளைக்குப் பேர் வைத்து, லயத்தில் எல்லாருக்கும் சோறு போட்ட அன்று அவர் சமையல் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் பக்கத்துக் காம்பராப் பெண்கள் கவனித்திருக்கிறார்கள். பால் பத்தவில்லை என்ற பேச்சும் அப்போதுதான் தொடங்கியது. கணவர் கடையில் முன்பணம் வாங்கி ஒரு பால்மா டின் வாங்கி அனுப்பினார்.

ஐந்தாம் வாரத்தில் வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி, எடின்பரோ அளவுகோல் எனப்படும் வினாத்தாளை நிரப்பினார். 1987இல் உருவாக்கப்பட்ட இதில் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. புள்ளி கூடக்கூட மனச்சோர்வும் கூடுதல். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இவருக்கு அன்று கிடைத்த மொத்தம் 5. அதாவது, பிரச்சினை இல்லை.

அந்த 5 எப்படி வந்தது? இஸ்தோப்பில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவிச்சிக்குத் தமிழ் கொஞ்சம்தான். கேள்விகளைச் சிங்களத்தில் கேட்க, பாடசாலைக்குப் போகும் நாத்தனார் தமிழில் சொன்னாள். கடைசிக் கேள்வி அந்தச் சிறுமியின் வாயில் “அண்ணி, ஒங்களுக்கு ஏதும் கஷ்டமான்னு கேக்குறாங்க” என்று வந்தது. “இல்ல” என்று சொல்வதைத் தவிர அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? அந்த மருத்துவிச்சியைக் குறைகூற எனக்கு மனமில்லை. செங்குத்தான படிக்கட்டுகளில் ஏறி இறங்கி, பல தோட்டங்களை ஒருவராகப் பார்ப்பவர் அவர். ஆனால் மாமியார் முன்னிலையில், ஒரு பிள்ளையின் மொழிபெயர்ப்பில் கிடைக்கும் எண்ணை எண்ணாக எடுக்க முடியாது. வினாத்தாள் நிரப்பப்படாமல் இருந்திருந்தால்கூட யாராவது மறுபடி கேட்டிருப்பார்கள். 5 என்று எழுதப்பட்டதால் கேட்கவில்லை.

இரண்டாம் மாதத் தடுப்பூசி நாள்

இரண்டு மாதம் முடிந்து முதல் ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குக் குழந்தையை மாமியார் தூக்கிக்கொண்டு வந்தார். தாய் பின்னால் வந்தார். அன்று கடமையில் இருந்தவர் வேறொரு மருத்துவிச்சி, தமிழ் பேசுபவர். பால் பத்தவில்லை, டின் பாலை முழுதாகக் கொடுக்கலாமா என்று மாமியார் கேட்டார்.

மருத்துவிச்சி குழந்தையை நிறுத்தார். 4.4 கிலோ. பிறந்தபோது 2.6, நான்காம் வாரத்தில் 3.4, இப்போது 4.4. டின் பால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சில நாட்களில் மட்டும். குழந்தை நாளைக்கு ஏழெட்டுத் தடவை சிறுநீர் கழிக்கிறது. அட்டையில் கோடு நேராக மேலே போகிறது. பால் இல்லாத தாயின் பிள்ளை இப்படி ஏறாது.

வழக்கமாக இந்த இடத்தில் “பால் நல்லா இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்பதோடு கிளினிக்கின் வேலை முடிகிறது. இவர் அட்டையை மூடாமல் தாயைப் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு 44 கிலோ இருந்தவரை அன்று தராசில் நிறுத்தினால் 39. தலை வாரியிருக்கவில்லை. ஊசி போட்டுக் குழந்தை வீறிட்டபோது தாயின் கை நீளவில்லை. “பிள்ள நல்லா ஏறியிருக்கே தங்கச்சி, நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த நான்கு விஷயங்களையும் சொல்லி அன்றே எங்கள் பிரிவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பிள்ளைக் காம்பராவில்

அவரை எங்கே வைத்துப் பேசுவது என்பதுதான் முதலில் எடுக்க வேண்டியிருந்த முடிவு. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். மனநலப் பிரிவுக்கு அழைத்தால் இரண்டு பஸ் மாற வேண்டும், அதற்குள் “பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க” என்று தோட்டம் முழுக்கப் பேச்சு ஓடிவிடும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை, அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை, தெரிவுசெய்தோம். தாய் அங்கே போவது யாருக்கும் புதுமையில்லை. மதியத்துக்குப் பின் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் உள்ளறை அமைதியாக இருக்கும். மாமியாரோடு வெளியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மா சம்மதித்தார். அந்த ஆயம்மாவின் பெயரை எழுத முடியாதது எனக்கு வருத்தம், இந்த நிகழ்வில் பாதி வேலை அவருடையது.

மனநிலை பற்றி நான் முதலில் கேட்கவில்லை. இரவு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“ராத்திரி பிள்ள தூங்குது மிஸ். நாந்தான் தூங்கல. மூச்சு இருக்கான்னு மூக்குல கை வச்சிப் பாத்துக்கிட்டே இருப்பேன். விடிஞ்சிரும்.”

பால் பற்றிக் கேட்டபோது சொன்னார்: “எனக்குப் பால் இல்லாட்டி இதுவும் போயிரும். மொதப் பிள்ளையும் எங்கிட்ட ஒன்னும் இல்லாமத்தான் போச்சி.”

பால் பத்தவில்லை என்ற முறைப்பாட்டின் வேர் அங்கே இருந்தது. கொஞ்சம் பொறுத்து அவரே தொடர்ந்தார்: “நான் இல்லாட்டிப் பிள்ளைய மாமி நல்லா வளத்துருவாங்க. என்னவிட நல்லா வளப்பாங்க.”

இப்படி ஒரு வாசகம் வந்த பிறகு சுற்றிவளைக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று நேராகக் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணம் உண்டாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, அது உண்மையில்லை. பெரும்பாலான நேரம் கேட்கப்பட்டவருக்கு அது இறக்கி வைக்கும் இடமாகிறது. அந்த வாரத்தில் அப்படி நினைத்ததாகவும், எப்படி என்று யோசிக்கவில்லை என்றும், பிள்ளை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டதாகவும் சொன்னார்.

இன்னொன்றையும் மிகுந்த வெட்கத்தோடு சொன்னார். ஓடைப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளை கை நழுவி விழுவது போல் கண்ணுக்குள் படம் ஓடுகிறது, அதனால்தான் மாமியாரிடம் தூக்கக் கொடுக்கிறேன் என்றார். இதைக் கேட்கும் குடும்பத்தினரும் சில உத்தியோகத்தர்களும் திடுக்கிட்டுக் குழந்தையைப் பிரித்துவிடுகிறார்கள். ஆனால் இது பல புதிய தாய்மாருக்கு வரும் வேண்டாத எண்ணம். அது அவரையே நடுங்கவைத்தது, அதைத் தவிர்க்க அவரே வழி தேடினார். பிள்ளை பெற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் கடுமையான மனப்பிறழ்வில் தாய்க்குக் குரல்கள் கேட்கலாம், பிள்ளைக்குள் வேறு ஏதோ இருப்பதாக உறுதியாக நம்பலாம், பேச்சும் புத்தியும் மணிக்கு மணி தடுமாறலாம். அது அவசர நோய், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இவரிடம் அவை எதுவும் இல்லை என்பதைக் கவனமாகக் கேட்டு உறுதிசெய்தோம்.

அதே வினாத்தாளைத் தனியாக, தமிழில், அவசரமில்லாமல் கேட்டபோது மொத்தம் 19.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே உளமருத்துவரோடு பேசினோம். ஆஸ்பத்திரியில் அனுமதிப்பதா என்பது கடினமான கேள்வி. தற்கொலை எண்ணம் இருப்பது அனுமதிக்கும் பக்கம் இழுத்தது. திட்டம் இல்லாதது, மனப்பிறழ்வு இல்லாதது, வீட்டில் எப்போதும் ஆள் இருப்பது மறுபக்கம். அனுமதித்தால் தாயும் பிள்ளையும் பிரிய நேரலாம், ஆஸ்பத்திரிக் கட்டில்தான் அவருடைய முதல் இழப்பின் இடமும். வீட்டில் வைத்தே பார்ப்பது, நிலைமை மோசமானால் உடனே அனுமதிப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். மாமனாரின் மரக்கறிக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் சமையல் இடத்திலேயே இருந்தன. காரணத்தைச் சொன்னதும் அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றிரவே எடுத்துப் போய் வேறொருவர் வீட்டில் பூட்டி வைத்தார். முதல் வாரங்களில் தாயைத் தனியே விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். 24 மணி நேரமும் இயங்கும் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, அம்பியூலன்ஸுக்கு 1990, இரண்டையும் சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் எழுதினோம்.

மருந்து தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை செய்தோம். பிரசவத்துக்குப் பிறகு தைரொயிட் கோளாறும் இரத்தச்சோகையும் இதே சோர்வைக் கொடுக்கும். தைரொயிட் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.1, அதற்கு மருந்து வேறாகத் தொடங்கினோம். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் நாட்கணக்காக இருந்திருக்கிறாரா என்றும் கேட்டோம். இருந்திருந்தால் மனச்சோர்வு மருந்தைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து. அப்படி இல்லை. செர்ட்ரலின் 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்கப்பட்டது. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்து என்பதால் அதைத் தெரிவுசெய்தார் உளமருத்துவர். “மாத்திர குடிச்சா பால் விஷமாயிரும்” என்று மாமியார் பயந்தார். பயத்தைக் கேலி செய்யாமல், மாதாமாதம் எடை அட்டையையே சாட்சியாக வைத்துக்கொள்வோம் என்று சொன்னோம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாகும், பலன் தெரிந்ததும் நிறுத்தக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டோம்.

மருந்தைவிட உடனடியாகத் தேவைப்பட்டது தூக்கம். இரவு ஒன்பதுக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் படுக்க வேண்டும். அடுத்த தடவைக்கு, எடுத்து வைத்த தாய்ப்பாலை மாமியார் கோப்பையில் கொடுப்பார். அறைச் சூட்டில் நான்கு மணி நேரம்வரை அது கெடாது. மூச்சைப் பார்க்கும் காவலும் அந்த நேரத்துக்கு மாமியாருடையது. “நான் முழிச்சிருக்கேன், நீ படு” என்று அவர் சொன்ன பிறகுதான் இவருக்குக் கண் மூடியது. டின் பால் பற்றி நாங்கள் வாதம் செய்யவில்லை. ஒவ்வொரு நிறுவையின்போதும் அட்டையைத் தாய் கையிலேயே கொடுத்து அவரையே புள்ளி வைக்கச் சொன்னார் மருத்துவிச்சி. டின் முடிந்தபோது இன்னொன்று வாங்கவில்லை.

கணவரோடு தொலைபேசியில் பேசினேன். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்கு அழைப்பார், முதல் கேள்வி “பிள்ள பால் குடிச்சிச்சா?” என்பதுதான். அக்கறையில் கேட்ட அந்தக் கேள்வி ஒவ்வொரு இரவும் அவருக்குப் பரீட்சை முடிவு போல இருந்திருக்கிறது. அதைச் சொன்னபோது கணவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, தனக்கும் தூக்கமில்லை, கடன் ஏறுகிறது, யாரிடம் சொல்வது என்று கேட்டார். புதிதாகத் தந்தையாகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவரையும் கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு வழிப்படுத்தினோம். அன்றிலிருந்து அவருடைய முதல் கேள்வி “நீ சாப்டியா?” என்று மாறியது.

முதல் பிள்ளை

மூன்றாம் வாரத்தில் மாமியார் ஆயம்மாவிடம் சொல்லி அனுப்பினார்: கோடங்கியிடம் பார்க்கப் போகிறோம், மிஸ் கோபிப்பாரா?

தடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். தடுத்தால் எங்களுக்குத் தெரியாமல் நடக்கும், மாத்திரையும் நிற்கும். மாத்திரையை நிறுத்தக் கூடாது, பட்டினி போடக் கூடாது, யாரும் கை ஓங்கக் கூடாது, பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்கு மாமியார் ஒத்துக்கொண்டார். கோடங்கி உடுக்கடித்துப் பார்த்து, போன பிள்ளைக்கு ஒன்றும் செய்யாத குறை இருக்கிறது என்றார்.

அன்றுதான் அந்த வீட்டில் முதல் தடவையாக அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. புதைத்த இடம் எது என்று தாய் கேட்டார். இரண்டு ஆண்டாக அவருக்கு அது தெரியாது. மேல் மலையில் சவுக்கு மரத்தடி என்று மாமனார் சொன்னார். மாமியார் தான் இழந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார், ஒன்று பிறந்த அன்று, ஒன்று எட்டு மாதத்தில். “நாங்கல்லாம் அழுதுட்டு மறுநாள் மலைக்குப் போயிட்டோம், ஒனக்கும் அதுதான் நல்லதுன்னு நெனச்சேன்” என்றார். அதுவரை மருமகள் சோம்பலாக இருக்கிறாள் என்று லயத்தில் குறை சொல்லிவந்தவர் அவர்.

அடுத்த மாதம் கணவர் வந்தபோது நால்வரும் அங்கே போய்ப் பால் ஊற்றி, விளக்கு வைத்துப் படையல் போட்டு வந்தார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ள என்னால் முடியாது. அந்தக் குடும்பம் துக்கம் கொண்டாட ஒரு வழி வேண்டியிருந்தது, அது அவர்களுக்குத் தெரிந்த வழியாக வந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல நான் முயலவில்லை.

இதற்கிடையில் மருத்துவிச்சி வாரம் ஒரு தடவை பிள்ளைக் காம்பராவில் அவரோடு உட்கார்ந்தார். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட, தாய்மாருக்கான பேச்சுமுறைக் கையேட்டை ஒட்டி அந்தச் சந்திப்புகள் அமைந்தன. தாயின் சொந்த நலம், பிள்ளையோடு உள்ள பிணைப்பு, சுற்றியுள்ளவர்களோடு உள்ள உறவு என்ற மூன்றையும் அது எடுத்துக்கொள்கிறது. கையேடு வருவதற்கு முன்பே பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணிப்பெண்களே இதை நடத்தினார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளை பெற்ற ஆறாம் மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் இந்தப் பேச்சுமுறை கிடைத்தவர்களில் 23 சதவீதம், கிடைக்காதவர்களில் 53 சதவீதம். உளவியலாளர் இல்லாத மலையில் மருத்துவிச்சியை நம்பி இதை ஒப்படைத்ததற்கு அதுவே காரணம். முதல் வாரத்து வேலை ஒன்றே ஒன்று: நாளைக்கு ஒரு தடவை பிள்ளையை மடியில் வைத்து, எடையைப் பற்றி நினைக்காமல், அதோடு பேசுவது. என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றார் தாய். கொழுந்து மலையில் சக பெண்களோடு பேசுவதையே பேசுங்கள் என்றார் மருத்துவிச்சி.

மலைக்குத் திரும்புதல்

நான்காம் மாதத் தடுப்பூசிக்கு வந்தபோது வினாத்தாளில் மொத்தம் 9. தற்கொலை எண்ணம் இல்லை. குழந்தையை அவரே தூக்கி வந்தார்.

பிறகு ஒரு சறுக்கல். 84 நாள் மகப்பேற்று விடுமுறையும், டொக்டரின் கடிதத்தால் கிடைத்த மேலதிக நாட்களும் முடிந்து அவர் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போனார். கொழுந்தெடுக்கக் கொடுத்த மலை பிள்ளைக் காம்பராவிலிருந்து மிகத் தூரம். பால் கொடுக்க இறங்கி ஏறினால் நாளுக்குக் குறித்த கிலோ சேராது, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள். அதனால் இறங்கவில்லை. மார்பு கட்டிக்கொண்டது, தூக்கம் மறுபடி கெட்டது, “நான் நல்ல தாய் இல்ல” என்ற பேச்சு திரும்பியது. மொத்தம் 13க்கு ஏறியது.

மருந்தின் அளவைக் கூட்டுவதா என்று யோசித்தோம். உளமருத்துவர் முதலில் மலையை மாற்றச் சொன்னார், அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டேன். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் மூலம் இதை எழுத்தில் கொடுத்தோம். நோயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை, சட்டத்தை மட்டும் எழுதினோம். கீழ் மலையில் போட்டார்கள். அதே மலைக்கு இன்னும் மூன்று பால் கொடுக்கும் தாய்மாரும் மாற்றப்பட்டார்கள். ஐந்து வாரத்தில் அவர் மறுபடி நிமிர்ந்தார், மருந்தின் அளவு கூடவில்லை.

ஒரு வயதில்

ஒன்பதாம் மாதத் தடுப்பூசியன்று மொத்தம் 4. அறிகுறி தணிந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும் என்பதால் பிள்ளையின் முதல் பிறந்தநாள் கழிந்த பிறகே மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். குழந்தை தவழ்ந்து, பிடித்து நின்று, வயதுக்கேற்ற எடையோடு இருந்தது. தாய் 45 கிலோ.

எல்லாம் சீராகிவிடவில்லை. கடன் இருக்கிறது. கணவர் இன்னும் புறக்கோட்டையில்தான், இவருடைய சொந்தத் தாய் இன்னும் வளைகுடாவில்தான். மழைக்காலத்து இரவுகளில் பிள்ளையின் மூச்சைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறேன் என்கிறார்.

மாற வேண்டியவை

முன்பு பிள்ளையை இழந்த ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஆறாம், ஏழாம் மாதத்தில் தனியாக உட்கார்ந்து அந்த இழப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். அட்டையில் எண் ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பார்த்துக் கேட்க ஆள்தான் வேண்டும். இழப்பு நடக்கும் நேரத்தில், பிள்ளையைப் பார்க்க விருப்பமா, எங்கே அடக்கம் செய்யப் போகிறீர்கள் என்று தாயிடம் அவருக்கு விளங்கும் மொழியில் பேசுவதும் சிகிச்சையின் பகுதிதான்.

வினாத்தாளைக் குடும்பத்தார் முன்னிலையில், அதிலும் பிள்ளைகளை மொழிபெயர்க்கவிட்டு, நிரப்பக் கூடாது. தமிழ் பேசும் உத்தியோகத்தர் கிடைக்காத நாளில் மொத்தத்தை எழுதாமல் ‘மறுபடி கேட்க வேண்டும்’ என்று குறித்துவிட்டு வருவது மேல். வாசிக்கத் தெரிந்த தாய்க்குத் தமிழ்த் தாளையே கையில் கொடுக்கலாம். இவருக்கு வாசிக்கத் தெரியும், யாரும் கொடுக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

குழந்தைக்கு இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது மாதங்களில் தடுப்பூசி இருக்கிறது. அந்த நாட்களில் தாய்மார் கட்டாயம் வருகிறார்கள், பஸ் காசும் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அன்றே தாயையும் நிறுத்துப் பார்க்கலாம், தூக்கத்தைக் கேட்கலாம். பால் பத்தவில்லை என்று வருபவரின் பிள்ளை நன்றாக எடை ஏறியிருந்தால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி தாயைப் பற்றியது. இந்த வரியை அந்த மருத்துவிச்சி தன் பிரிவுக் கூட்டத்தில் சொன்னார், இப்போது அங்கே அதை நடைமுறையாக வைத்திருக்கிறார்கள்.

கணவர்மாரைப் பிரசவத்துக்கு முன்பே பேச்சுக்குள் கொண்டுவர வேண்டும், கொழும்பில் இருப்பவரானால் தொலைபேசியில். மகப்பேற்று விடுமுறை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு எந்த மலை கொடுக்கிறார்கள் என்பதை, அவர் பெரட்டுக்குப் போகும் முன்பே தோட்டத்தோடு பேசி முடித்துவிட வேண்டும். இந்த நிகழ்வில் அது சறுக்கலுக்குப் பிறகுதான் நடந்தது.

இந்தத் தாயும் கணவரும் இன்னொரு பிள்ளை பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு அடுத்த பிரசவத்தோடும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் அவருடைய பதிவேட்டின் முதல் பக்கத்தில் முந்தைய மனச்சோர்வு, உதவிய மருந்து, அதன் அளவு, கீழ் மலை, மாமியாரின் இரவுக் காவல் ஆகிய ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறோம். அதன் பிரதியொன்று அவர் கையிலும் இருக்கிறது.